புது லேப்டாப், புது சிஸ்டம், மங்கலான தமிழ்: திரையில் என்னதான் நடக்கிறது?

விண்டோஸ் 10-க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. வீட்டில் பயன்படுத்துகிறவர்கள் பதிவு செய்துகொண்டால் மேலும் ஓராண்டு நீட்டிப்பு உண்டு என்றும் அறிவித்தது. அதிலிருந்து வேலூர்ப் பக்கம் லேப்டாப் மாற்றும் பேச்சு அதிகமாகிவிட்டது. சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு டைப் செய்து தருகிறவர்கள், காட்பாடியில் படிக்கிற பிள்ளைகள், ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் கம்பெனிகளில் கணக்கு பார்க்கிறவர்கள், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகங்கள் என்று பழைய மெஷினை வைத்து ஓட்டிக்கொண்டிருந்த பலருக்கும் ஒரே கேள்விதான். புதுசு வாங்குவதா, இருப்பதிலேயே விண்டோஸுக்குப் பதில் வேறு சிஸ்டம் போடுவதா?

இந்தக் கேள்வி எழக் காரணம் விண்டோஸ் 11 வைத்த நிபந்தனைகள். 2021 அக்டோபரில் வெளியான அது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் சரிபார்த்த சிஸ்டத்தை மட்டுமே ஏற்றும் செக்யூர் பூட் வசதியையும் கேட்கிறது. இன்டெல் ப்ராசசர் என்றால், சில விதிவிலக்குகள் போக, 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அந்தத் தலைமுறையே 2017-இல்தான் வந்தது. ஆகவே 2016-இல் நல்ல விலை கொடுத்து வாங்கி, பிறகு எஸ்எஸ்டியும் கூடுதல் ரேமும் போட்டு, இன்றைக்கும் சுறுசுறுப்பாக ஓடுகிற லேப்டாப்புக்குக்கூடப் பட்டியலில் இடம் இல்லை. நன்றாக உழைக்கிற மெஷினை இப்படி ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்கு, விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்ற சிஸ்டத்தைப் போடுவது நல்ல வழி. அதன் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 2 ஜிபி ரேம் இருந்தாலே ஏறிவிடும். 4 ஜிபி இருந்தால் வசதியாக இருக்கும்.

லினக்ஸ் நமக்கு முற்றிலும் புதிய பெயரும் இல்லை. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்களில், விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் அதை அதிகம் திறந்து பார்த்ததில்லை. சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை. அப்போதே நான்கு பேர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருந்தால் இன்றைக்கு இந்தத் தவிப்பு பாதியாகக் குறைந்திருக்கும் என்று நிஜமாகவே நம்புகிறேன்.

சரி, புதுசு வாங்கினாலும் பழசில் லினக்ஸ் போட்டாலும் முதல் வாரத்தில் வரும் புகார் என்னவோ ஒன்றுதான். “எழுத்து சரியாகத் தெரியவில்லை.” ஒன்று, பொடிப்பொடியாக இருக்கிறது. இல்லையென்றால் மங்கலாக இருக்கிறது. அல்லது திரை தானாக வெளுக்கிறது, மினுக்குகிறது. வாங்கும்போது ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு, எந்த ப்ராசசர் என்றெல்லாம் கேட்கிறோம். தமிழ் அதில் எப்படித் தெரியும் என்று கேட்பதில்லை. நாளெல்லாம் தமிழில் படித்து எழுதுகிறவர்களுக்கு முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எழுத்து ஏன் சிறுக்கிறது, ஏன் மங்குகிறது

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பரவலாக விற்ற 15.6 அங்குலத் திரைகளில் குறுக்கே 1366, நெடுக்கே 768 பிக்சல்கள். கணக்குப் போட்டால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 100 பிக்சல் வரும். விண்டோஸ் வெகுகாலமாக அங்குலத்துக்கு 96 என்ற அளவை அடிப்படையாக வைத்துத்தான் எழுத்தையும் பட்டனையும் வரைந்து வந்தது. இரண்டும் ஏறக்குறைய பொருந்தியதால் யாருக்கும் தொல்லை இல்லை. இப்போது அதே 15.6 அங்குலத்தில் 1920-க்கு 1080 வருகிறது, அங்குலத்துக்கு 141. அதுவே 14 அங்குலத் திரையானால் 157. விலை கூடிய மாடல்களில் 14 அங்குலத்துக்குள் 2880-க்கு 1800 வைக்கிறார்கள், அங்குலத்துக்கு 243. பிக்சல் சிறியதாக ஆக, பழைய கணக்கில் வரைந்த எழுத்தும் சிறியதாகும். 100-லிருந்து 141-க்குப் போனால் எழுத்தின் உயரம் ஏறத்தாழ 70 சதவீதமாகச் சுருங்கிவிடும். நாற்பது வயது தாண்டியவர்கள் இதைப் பார்த்துவிட்டு “கண்ணாடி மாற்றணும் போலிருக்கு” என்று கண் டாக்டரிடம் கிளம்பிவிடுகிறார்கள்.

இதைச் சரிக்கட்டத்தான் ஸ்கேலிங் இருக்கிறது. 125 சதவீதம், 150 சதவீதம் என்று சிஸ்டமே எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும். 200 சதவீதம் என்றால் ஒரு பிக்சல் இருந்த இடத்தில் நான்கு பிக்சல், கணக்கு நேராக முடிந்துவிடும். 125-இல்தான் வம்பு. புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். வைத்த புள்ளிகளுக்கு ஏற்ற கோலமானால் கோடு புள்ளிமேல் உட்காரும். அதே கோலத்தை ஒன்றேகால் மடங்கு பெரிதாக்கி அதே புள்ளிகளின்மேல் போடச் சொன்னால், பல கோடுகள் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழும். திரையில் நடுவில் கோடு போட முடியாது. பக்கத்துப் பிக்சல்கள் இரண்டையும் பாதிப்பாதி நிறத்தில் நிரப்பித்தான் சமாளிக்க முடியும். நம் கண்ணுக்கு அது மங்கலாகத் தெரிகிறது.

விண்டோஸில் இப்போது எழுதப்படும் நிரல்கள் ஸ்கேலிங் அளவைத் தெரிந்துகொண்டு எழுத்தை அந்த அளவிலேயே புதிதாக வரைந்துவிடும். அதனால் 125-இலும் கூர்மையாக இருக்கும். பழைய நிரல்களுக்கு அந்த அறிவு கிடையாது. அவை 100-இல் வரைந்து கொடுத்ததை விண்டோஸ் ஒரு படமாக எடுத்து இழுத்துப் பெரிதாக்குகிறது. பக்கம் வடிவமைக்க அச்சகங்களில் இன்னும் உயிரோடு இருக்கும் பேஜ்மேக்கர் இதற்கு நல்ல உதாரணம். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அந்த நிரலின் ஐகான்மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கத்துக்குப் போனால் ‘ஹை டிபிஐ’ அமைப்பு ஒன்று இருக்கும். ஸ்கேலிங்கை அந்த நிரலே பார்த்துக்கொள்ளட்டும் என்று அங்கே மாற்றினால் எழுத்து கூர்மையாகிவிடும். ஆனால் மெனு எல்லாம் பொடியாகிவிடும். எது தேவலை என்பதை வேலை செய்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

லினக்ஸில் இந்தக் கதை இன்னும் கொஞ்சம் நீளம். அதில் திரையை ஆண்டுவந்தது எக்ஸ்11 என்ற ஏற்பாடு. 1987-இல் வந்தது. ஒரு திரைக்கு ஒரு அளவு, இன்னொரு திரைக்கு வேறு அளவு என்பதெல்லாம் அந்தக் காலத்துத் தேவையே இல்லை. அதற்கு மாற்றாக 2008-இல் வேலண்ட் என்ற புதிய ஏற்பாட்டை எழுதத் தொடங்கினார்கள். இப்போது உபுண்டு உள்பட பல லினக்ஸ்களில் வேலண்ட்தான் முதலில் வருகிறது. லேப்டாப் திரைக்கு 150, வெளியே மாட்டும் மானிட்டருக்கு 100 என்று தனித்தனியாக வைப்பது இதில் சாத்தியம். ஆனால் எக்ஸ்11-க்காக எழுதப்பட்ட நிரல்கள் வேலண்டுக்குள் ஓடும்போது, பல அமைப்புகளில் சின்னதாக வரைந்து பெரிதாக இழுக்கப்படுகின்றன. அதனால்தான் ஒரே திரையில் ஒரு ஜன்னல் பளிச்சென்றும் பக்கத்து ஜன்னல் பனிமூட்டமாகவும் தெரியும். லேப்டாப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒன்று உண்டு. உபுண்டு மாதிரி, க்னோம் என்ற முகப்பு உள்ள லினக்ஸில் ஸ்கேலிங்கை 100-லேயே விட்டுவிடுங்கள். அணுகல் வசதிகள் பகுதியில் ‘பெரிய எழுத்து’ என்ற அமைப்பை மட்டும் போடுங்கள். எழுத்து மட்டும் பெரிதாகும். படமாக இழுக்கும் வேலையே இல்லாததால் எதுவும் மங்காது. ஐகான்கள் கொஞ்சம் சின்னதாகத்தான் இருக்கும். தமிழ் தெளிவாகத் தெரிவதற்கு அந்த விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆங்கிலத்தைவிடத் தமிழில் இந்த மங்கல் உறுத்தலாக இருக்கக் காரணம் எழுத்தின் வடிவம்தான். ஆங்கிலத்தில் நேர்க்கோடு அதிகம். நமக்கோ ண, ன, ள, ஞ என்று சுழியும் வளைவும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் இருக்கும் வித்தியாசம் ஒரு சுழி. மெய்யெழுத்தின் புள்ளி சிறிய அளவில் ஒன்றிரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. அது கலங்கினால் ‘பட்டு’ ‘படடு’ மாதிரி ஆகிவிடும். பழைய திரைகளில் விண்டோஸின் க்ளியர்டைப் நுட்பம், பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளைத் தனித்தனியாகக் கணக்கில் எடுத்து எழுத்தைக் கூர்மையாக்கியது. அந்தத் துண்டுகள் வரிசையாக நிற்கும் எல்சிடி திரைக்கு ஏற்ற நுட்பம் அது. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகள் பலவற்றில் துண்டுகள் வேறு விதமாக அடுக்கப்பட்டிருக்கும். அதனால்தான் விலையுயர்ந்த ஓஎல்இடி திரையில்கூடச் சில சமயம் எழுத்தின் ஓரத்தில் பச்சையோ சிவப்போ கசிகிறது. அங்குலத்துக்கு 200 பிக்சலைத் தாண்டிவிட்டால் இது கண்ணில் படாது.

கடைக்குப் போகும்போது பென் டிரைவில் ஒரு தமிழ்ப் பக்கத்தைக் கொண்டுபோங்கள். 10, 11 பாயின்டில், புள்ளியும் சுழியும் நிறைந்த பக்கமாக இருக்கட்டும். டெமோ வீடியோவில் மயில் தோகை அழகாகத் தெரிவதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

எழுத்துருவும் கீபோர்டும்

திரை சரியாகிவிட்டது என்று வையுங்கள். அடுத்து, பழைய மெஷினில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிய மனு புது மெஷினில் மூன்று பக்கம் போகிறது. இதற்குப் பெரும்பாலும் காரணம் லதா. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து நம் கோப்புகளில் குடியிருந்த எழுத்துரு அது. விண்டோஸ் 8-இலிருந்து நிர்மலா யூஐ அந்த இடத்துக்கு வந்தது. விண்டோஸ் 10-இலும் 11-இலும் லதாவும் விஜயாவும் கூடுதல் வசதியாக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கோப்பு லதாவைக் கேட்கும். அது இல்லாததால் சிஸ்டம் வேறொன்றைக் கொண்டு நிரப்பும். எழுத்தின் அகலமும் வரி உயரமும் மாறிப் பக்கமே கலைந்துவிடும். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய்த் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். தமிழை ஒரு மொழியாகச் சேர்த்தாலும் அவை தானாக வந்து உட்காரும்.

லினக்ஸில் லதா வராது. லோஹித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் ஆகியவை கிடைக்கும். நோட்டோ செரிஃப் நீளமாகப் படிப்பதற்கு மிக நன்றாக இருக்கிறது. லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் லிப்ரே ஆபீஸில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ் போன்ற எழுத்துகளுக்கு இன்னொன்று என்று இரண்டு தனி அமைப்புகளை அது வைத்திருக்கிறது. முதலாவதை மாற்றிவிட்டு “தமிழ் மட்டும் மாறவே இல்லையே” என்று திணறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மொழி அமைப்பில் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதைப் போட்டு, அதற்குரிய எழுத்துருவையும் அளவையும் அங்கே கொடுக்க வேண்டும்.

கீபோர்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இன்று விண்டோஸ் 11-க்குள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்ற டைப் செய்யும் கருவிகள் இரண்டையும் நிறுவினால் தமிழ்99-உம் வரும், பழைய டைப்ரைட்டர் முறையும் வரும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு அதே விரல் பழக்கத்தில் தட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் புது முறைக்கு மாறச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

வட ஆற்காட்டுப் பகுதியில் தமிழ் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் உருது எழுதுகிறவர்கள் உண்டு. அவர்கள் பழகியது சரிந்து இறங்கும் நஸ்தலீக் எழுத்து. லினக்ஸ் பெரும்பாலும் நேராக நிற்கும் அரபு வடிவத்தில்தான் முதலில் காட்டும். நோட்டோ நஸ்தலீக் உருது எழுத்துருவைத் தனியாகச் சேர்த்தால்தான் அவர்கள் கண்ணுக்கு அது உருதுவாகவே தெரியும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் வேறு விஷயம். அவை எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோட் முறையே அல்ல; உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள். பாமினி இல்லாத மெஷினில் திறந்தால் புரியாத ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுப்போனதாக நினைத்து அழித்துவிடாதீர்கள். எழுத்துருவை நகலெடுத்து வையுங்கள், அல்லது என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

திரை தானாக மாறுகிறதா?

கரண்ட் போகிறது, திரை ஒரு கணம் கறுத்து மறுபடி வருகிறது, வந்ததும் நிறம் வெளுத்திருக்கிறது. கோடைக்காலத்தில் இங்கே சாதாரணமாக நடப்பது. பலரும் இதை வோல்டேஜ் அடித்துத் திரை போய்விட்டதாக எண்ணிப் பதறுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. சார்ஜரிலிருந்து பேட்டரிக்கு மாறியதும் லேப்டாப் மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தொடங்குகிறது. நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரையை 60 முறையாகக் குறைக்கிறது. அந்த மாற்றம்தான் கண நேரக் கறுப்பு. பிறகு ஒளியைக் குறைத்து, அதை ஈடுகட்ட நிறங்களின் அடர்த்தியை மாற்றுகிறது. ஏஎம்டி மெஷின்களில் இதற்கு வேரி-ப்ரைட் என்று பெயர். லினக்ஸிலும் அண்மைக் காலமாக இதே வசதி பேட்டரியில் ஓடும்போது தானாகவே இயங்குகிறது. இன்டெல் மெஷின்களிலும் இதுபோல உண்டு. கறுப்புப் பின்னணியுள்ள பக்கத்தைத் திறந்தால் திரை மெல்ல இருண்டு, வெள்ளைப் பக்கத்துக்கு வந்தால் மெல்ல ஏறும். விண்டோஸ் 11-இல் டிஸ்ப்ளே பகுதியில், உள்ளடக்கத்துக்கு ஏற்ப வெளிச்சத்தை மாற்றும் அமைப்பை அணைத்தால் இது நின்றுவிடும். கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சளும் குங்குமச் சிவப்பும் பார்த்து வேலை செய்கிறவர்கள் இதை முதல் நாளே அணைத்துவிட வேண்டும்.

அவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலிவு விலை லேப்டாப்களில் ‘45 சதவீத என்டிஎஸ்சி’ என்ற நிற அளவு போட்டிருக்கும் திரை, எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறத் தொகுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும். அதில் பார்த்து நிறம் கூட்டினால் அச்சில் நிறம் தூக்கலாகக் கண்ணை அடிக்கும். நிறம் முக்கியம் என்றால் 100 சதவீத எஸ்ஆர்ஜிபி என்று போட்டிருப்பதைத் தேடுங்கள்.

லினக்ஸ் போட்டதும் சில இன்டெல் லேப்டாப்களில் திரை மினுக்கும், அல்லது டைப் செய்தது ஒரு கணம் தாமதமாகத் தெரியும். திரையில் எதுவும் மாறாதபோது, கடைசிப் படத்தைத் திரையே நினைவில் வைத்துக் காட்டிக்கொள்ளும் ஒரு சிக்கன முறை உண்டு. சில திரைகளோடு அது ஒத்துப்போவதில்லை. பிஎஸ்ஆர் என்பார்கள். லினக்ஸின் உட்கருவான கெர்னலின் அமைப்பில் அதை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓஎல்இடி திரையில் வெளிச்சத்தைக் குறைத்ததும் தலைவலி வந்தால் அதற்குக் காரணம் வேறு. வெளிச்சத்தைக் குறைக்க அந்தத் திரைகள் பலவும் மிக வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. இது சிலருக்குத்தான் படும். பட்டால், வெளிச்சத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள்.

கோளாறு திரையிலா, சிஸ்டத்திலா என்று கண்டுபிடிக்காமல் சர்வீஸ் கடைக்குப் போகாதீர்கள். வீட்டிலேயே பார்க்கலாம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதை மொபைலில் திறங்கள். அந்தக் கோடோ கறையோ மொபைலிலும் தெரிந்தால் சிஸ்டமோ டிரைவரோதான் காரணம். தெரியாவிட்டால் சந்தேகம் திரைமேல் போகிறது. அப்புறம், லேப்டாப்பை ஆன் செய்ததும் பயாஸ் என்ற ஆரம்ப அமைப்புத் திரைக்குள் போய் நில்லுங்கள். அங்கே சிஸ்டமே இன்னும் ஏறவில்லை. அங்கேயும் மினுக்கினால் பேனலோ கேபிளோ என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, உபுண்டுவைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். எதையும் நிறுவ வேண்டாம். விண்டோஸில் இருந்த கோளாறு அதில் இல்லையென்றால், பேனல் மாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும் உடனே பணம் கொடுக்காதீர்கள்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பல நிறுவனங்கள் தங்கள் லேப்டாப் இயங்குவதற்குச் சொல்லும் சூழல் வெப்பம் 35 டிகிரி வரைதான். கத்திரி வெயிலில் வேலூர் 40-ஐத் தாண்டுகிறது. ஓட்டு வீட்டிலோ மாடி அறையிலோ மத்தியானம் லேப்டாப் மந்தமாவது, சூட்டைக் குறைக்க ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதால். திரையைப் பொறுத்தவரை, 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) உள்ளது வாசல் திண்ணையில் பகலில் படிக்க உதவாது. வெளிச்சமான இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் 400 நிட்ஸும் பளபளப்பில்லாத மேட் பரப்பும் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம்.

புது லேப்டாப்பில் லினக்ஸையும் சேர்த்துப் போட நினைக்கிற மாணவர்கள் முதலில் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து பிட்லாக்கர் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 இப்போது பெரும்பாலான புது மெஷின்களில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடுகிறது. பயாஸில் செக்யூர் பூட்டை மாற்றியதும் அடுத்த முறை 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது அத்தனையும் போச்சு. லினக்ஸ் நிறுவும்போது எஸ்எஸ்டியே கண்ணில் படவில்லை என்றால், இன்டெல் மெஷின்களில் எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் விஎம்டி என்ற பயாஸ் அமைப்பு காரணமாக இருக்கலாம். அதை யோசிக்காமல் அணைத்தால் விண்டோஸ் ஏறாமல் நின்றுவிடக்கூடும். கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி ஜிஎஸ்டி வேலை பார்க்கிறவர்கள் விண்டோஸிலேயே இருந்துவிடுவது நல்லது. டோக்கன் டிரைவர்களோடு மல்லுக்கட்ட மாதக் கடைசியில் நேரம் இருக்காது.

அச்சகத்திலும் டிடிபி சென்டரிலும் இருக்கும் பழைய விண்டோஸ் 10 மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம். இணையத்தைத் துண்டித்துவிட்டு, பேஜ்மேக்கரும் பாமினியும் இருக்கிறபடியே விட்டு, பழைய வேலைகளைத் திறந்து பிடிஎஃப் ஆக்குவதற்கென்றே ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். புது மெஷினிலிருந்து அதற்குப் பென் டிரைவ் போகும்போதும் வரும்போதும் வைரஸ் ஸ்கேன் மட்டும் தவறாமல் செய்துவிடுங்கள்.